ஓரமெல்லாம் தெளிவா இருக்கா?

இதைப் படித்துவிட்டு "சும்மா ரீல் விடுறா" என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள். இது ரீலாக இருந்தால் என்னைவிட நிம்மதி அடைகிறவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் இதில் ஒரு வரிகூட நான் கட்டிவிட்டது கிடையாது. அன்றைக்கு என் கையில் வாட்ச் இருந்தது. அதனால் நேரம்கூட நிமிஷக் கணக்கில் ஞாபகம் இருக்கிறது.

இப்போது இரவு மணி 11:20. அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட். ஹாலில் அப்பா தனியாக டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் என் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். சொந்த அப்பாவுக்குப் பயந்து எவளாவது தாழ்ப்பாள் போடுவாளா? நான் போட்டிருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். எனக்கு வந்தது மத்தியானம் 3:38-க்கு.

என் அப்பா வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் போட்டுத் தருகிறவர். டிவியைச் சுவரில் மாட்டுவது, ஸ்பீக்கர் வைப்பது, ஒயர் இழுப்பது எல்லாம் அவர் வேலை. ஆனால் அவருக்கு லாபம் வருவது அதில் இல்லை. கேபிளில். பிளேயரிலிருந்து டிவிக்குப் போகிறதே, அந்த ஒரு கேபிளில்.

"பாப்பா, இந்தக் கேபிள்ல படம் வந்தா முழுசா வரும்" என்று அப்பாவே எனக்குச் சொல்லியிருக்கிறார். "கேபிள் கெட்டுப்போனா விட்டு விட்டு வரும், பொட்டுப் பொட்டா மின்னும், இல்ல ஒண்ணுமே வராது. மங்கலா வர்றதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. சாதாக் கேபிளும் சரி, தங்கம் பூசின கேபிளும் சரி, ஒரே படம்தான்."

"அப்புறம் ஏன்ப்பா அதை வாங்குறாங்க?"

"அவங்க எங்க வாங்குறாங்க? நான்ல விக்கிறேன்" என்று சிரித்தார்.

அப்பா விற்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். கேபிளை மாற்றுவதற்கு முன்னால் டிவியின் பிக்சர் மோடை யாருக்கும் தெரியாமல் மங்கலானதில் வைத்துவிட வேண்டும். "பாருங்க சார், இது பழைய கேபிள்." பிறகு அப்பா டிவிக்குப் பின்னால் போய்ப் புதுக் கேபிளைச் சொருகுவார். அந்த நேரத்தில் மோடைப் பளிச்சென்று இருப்பதற்கு மாற்றிவிட வேண்டும். "இப்பப் பாருங்க." வீட்டுக்காரர் வாயைப் பிளந்துவிடுவார்.

மோடை மாற்றுகிறது யார் தெரியுமா? நான். துப்பட்டாவுக்குள் ரிமோட்டை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்பேன். லீவு நாளெல்லாம் அப்பா என்னைக் கூட்டிப்போனதே அதற்குத்தான். "பொண்ணைக் கூட்டிட்டு வர்றவன் ஏமாத்த மாட்டான்னு ஜனங்க நம்புவாங்க பாப்பா." இதையும் அவர்தான் சொன்னார்.

அப்படித்தான் சர்வேயர் தாத்தா வீட்டுக்குப் போனோம்.

நிலம் அளக்கிற வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். முப்பது வருஷம் ஒற்றைக் கண்ணால் லென்ஸ் வழியாகப் பார்த்தே சாப்பிட்டவன் நான் என்பார். "நான் ஒரு இஞ்ச் தப்பாப் பார்த்தா அண்ணன் தம்பி வெட்டிக்குவாங்க கண்ணு" என்பார். எல்லாச் சின்னப் பிள்ளைகளையும் அவர் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்.

மாடியில் ஒரு அறையைத் தியேட்டராக மாற்றியிருந்தார். ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் கறுப்புத் துணி. கதவு கனமானது, விட்டால் தானாகவே மெதுவாகச் சாத்திக்கொள்ளும். சாத்திவிட்டால் உள்ளே பகல், ராத்திரி என்று ஒன்றும் தெரியாது. நடுவில் ஒரே ஒரு சாய்வு நாற்காலி. பட்டனை அழுத்தினால் 'ங்ங்ங்...' என்று கால் வைக்கிற பலகை மேலே வரும். கைப்பிடி மரம். தாத்தா விரலில் ஒரு தடிமனான மோதிரம் உண்டு. யோசிக்கும்போதெல்லாம் அந்த மோதிரத்தால் கைப்பிடியில் தட்டுவார்.

டக்... டக்... டக்.

அத்தனை பெரிய டிவியில் அவர் பார்த்தது ஒரே ஒரு வீடியோ. செத்துப்போன அவர் மனைவி. படத்தின் இடது ஓரத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருப்பார். கேமரா பக்கம் திரும்புவார். சிரிப்பார். "போதும், அணைங்க" என்பார். நாற்பத்தோரு விநாடி. முடிந்துவிடும். அது பதிவான டிஸ்க் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"ஓரத்துல இருட்டா இருக்கு தம்பி" என்றார் அப்பாவிடம். "நடுவுல நல்லாத் தெரியுது. இவ உட்கார்ந்திருக்கிற ஓரத்தைத்தான் இருட்டு தின்னுட்டே வருது."

நான் பார்த்தேன். ஓரத்தில் ஒரு இருட்டும் இல்லை. சீப்பில் சிக்கின முடிகூடத் தெரிந்தது.

அப்பா நூல் சுற்றின கேபிள் ஒன்றை எடுத்தார். நான் மோடை மாற்றினேன். "ஆமா... ஆமா, வெளிச்சம் ஏறியிருக்கு" என்று தாத்தா தலையை ஆட்டினார். எங்களை வழியனுப்ப எழுந்தவர், பக்கத்திலிருந்த ஸ்டூலைப் பார்க்காமல் இடித்துக்கொண்டார். அவர் வீட்டு ஸ்டூல். தினமும் அதே இடத்தில் இருக்கிறது.

வேனில் ஏறியதும் நான் கேட்டேன். "அப்பா, அவருக்குக் கண்ணுலதான ஏதோ?"

"தெரியுது."

"சொல்லலாம்ல?"

"சொன்னா டாக்டர்கிட்ட போவார். நம்மகிட்ட எதுக்கு வருவார்?"

வண்டியைக் கிளப்பிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார். இருட்டு இன்னும் உள்ளே வந்துவிட்டதாம். எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றினார். டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். அப்பாதான் குனிந்து தரையைத் துடைத்தார். துடைத்துவிட்டு எழுந்து, தங்கம் பூசின இரண்டாவது கேபிளை விற்றார்.

மூன்றாவது தடவை, உள்ளே ஒளி ஓடுகிற கேபிள். மெலிசாக, நீளமாக இருக்கும். ஒரு முனையில் 'பிளேயர்' என்றும் மறுமுனையில் 'டிவி' என்றும் அச்சடித்திருக்கும். "வெளிச்சமே உள்ளே ஓடுதுங்க ஐயா, இதுக்கு மேல உலகத்துல கேபிளே கிடையாது" என்றார் அப்பா. மாட்டி முடிக்கும்போது அவருக்குப் போன் வந்தது. வெளியே போனார். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

நானும் தாத்தாவும் மட்டும்.

அவர் நான் நின்ற பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"கண்ணு, உண்மையைச் சொல்லு. ஓரமெல்லாம் தெளிவா இருக்கா?"

நான் அப்போது சொல்லியிருக்கலாம். டிவியில் கோளாறு இல்லை தாத்தா, டாக்டரைப் பாருங்கள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? மூன்று விநாடி?

"தெளிவா இருக்கு தாத்தா" என்றேன்.

படத்தைப் பொறுத்தவரை அது பொய்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

"அப்பச் சரி. எனக்குத்தான் இன்னும் பழகலை போல" என்று சிரித்தார். அவர் இப்படிக் கேட்டதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு அப்புறமும் அவர் கூப்பிட்டார். அப்பா போனில் "வந்துடறேன் ஐயா, வந்துடறேன்" என்று சொன்னதை நானே கேட்டேன். போகவில்லை. அதற்கு மேல் விற்கக் கேபிள் இல்லையே.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் மருமகள் போன் பண்ணினார். மாமனார் இறந்து ஒரு மாதம் ஆகிறதாம். டிவி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கழற்றி விற்றுக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். சனிக்கிழமை போனோம்.

கதவைத் திறந்ததும் அந்த அக்கா சொன்னதுதான் முதல் அடி.

"மாமாவுக்குக் கடைசியில ஓரப் பார்வை சுத்தமா போயிடுச்சுங்க. மாடிப்படியில கால் வைக்கிற இடம் தெரியாம விழுந்துட்டார். மேல இருந்து நாலாவது படி. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் எங்களுக்கே தெரிஞ்சு டாக்டர்கிட்ட காட்டினோம். ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா இருக்கிற பார்வையையாவது நிறுத்தி வெச்சிருக்கலாம்னு திட்டினார். இவர் என்னடான்னா டிவியிலதான் கோளாறுன்னு சொல்லிட்டே இருந்தார்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ பாவம்" என்றார். அப்புறம், "மேல லைட் எரியுமாம்மா?" என்றார்.

அவ்வளவுதான். ஒரு மனுஷனுக்கு என் அப்பா செலவு பண்ணின வார்த்தை.

மேலே போனோம். அப்பா முதல் வேலையாக அந்த மூன்றாவது கேபிளைத்தான் கழற்றினார். பிளேயர் பக்கம் ஒரு இழு. டிவி பக்கம் ஒரு இழு. என் மடியில் போட்டார்.

"மடங்காம சுத்து பாப்பா. புதுக் கவர்ல போட்டுடலாம்."

அட்டைப்பெட்டி எடுக்க வேனுக்கு இறங்கினார். ரிமோட்டுகள் அவர் சட்டைப் பையில். நான் தரையில் உட்கார்ந்து கேபிளைக் கையில் சுற்ற ஆரம்பித்தேன். கதவு தானாக மெதுவாகச் சாத்திக்கொண்டது. எப்போதும் சாத்துவதுதானே என்று விட்டுவிட்டேன்.

வாட்சைப் பார்த்தேன். 3:38.

விளக்கு மங்கியது.

பட்டென்று அணையவில்லை. தியேட்டரில் படம் ஆரம்பிக்கும்போது மங்குமே, அப்படி. மெதுவாக... இன்னும் மெதுவாக... இருட்டு.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் பிளேயரில் அந்தச் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அப்பா?" என்றேன். கறுப்புத் துணி என் குரலை அப்படியே விழுங்கியது.

டிவியில் வெளிச்சம் வந்தது.

அந்த அம்மா. இடது ஓரத்தில். தலை வாரிக்கொண்டிருந்தார்.

நான் அந்த வீடியோவைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். ஆனால் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததே இல்லை. சீப்பின் ஒவ்வொரு பல்லும் தெரிந்தது. காதோரத்து வியர்வை தெரிந்தது. எந்தக் கேபிளும் கொடுக்காத தெளிவு அது...

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன்.

கேபிள் என் கையில் இருந்தது.

'பிளேயர்' என்று அச்சடித்த முனை என் வலது கையில்.

'டிவி' என்று அச்சடித்த முனை என் இடது கையில்.

டிவிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

எழுந்திருக்கப் பார்த்தேன்.

திரையில் அந்த அம்மா திரும்பினார். சிரிக்கவில்லை. "போதும், அணைங்க" என்று சொல்லவில்லை. நாற்பத்தோரு விநாடி எப்போதோ தாண்டிவிட்டது. அவர் கண் கேமராவைப் பார்க்கவில்லை. எனக்கு மேலே... எனக்குப் பின்னால்...

அங்கே நாற்காலிதான் இருந்தது.

ங்ங்ங்ங்...

கால் வைக்கிற பலகை மேலே வரும் சத்தம்.

நான் திரும்பவில்லை. சத்தியமாகத் திரும்பவில்லை.

டக்.

...டக்.

...டக்.

திரையின் ஓரத்தில் இருட்டு ஏற ஆரம்பித்தது. நான்கு பக்கமும். உள்ளே... உள்ளே... அந்த அம்மாவின் தோள் போனது. சீப்பு போனது. அப்புறம் திரை மட்டும் இல்லை. சுவர் போனது. என் கால் போனது. என் கண்ணின் ஓரமே கறுப்பாக மூடிக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் மிச்சம்.

இப்படித்தான் அவர் பார்த்திருக்கிறார். ஆறு மாதமாக.

பின்னாலிருந்து குரல் வந்தது. கோபமே இல்லாத குரல்.

"கண்ணு... உண்மையைச் சொல்லு. ஓரமெல்லாம் தெளிவா இருக்கா?"

நான் உடைந்துபோனேன்.

"கேபிள்ல ஒண்ணும் இல்ல தாத்தா! உங்க கண்ணுலதான்... எனக்குத் தெரியும் தாத்தா, முதல் நாளே தெரியும்..."

டக்.

"அப்பாவுக்கு?"

அந்தக் கேள்விக்கு நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

"...அப்பாவுக்கும் தெரியும்."

ங்ங்ங்ங்...

பலகை கீழே இறங்கியது. தோல் நாற்காலி 'க்ரீச்' என்றது. உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கும்போது வருமே, அந்தச் சத்தம். என் காதோரமாகக் காற்று நகர்ந்தது. கதவு திறந்தது.

வெளிச்சம்.

டிவி கறுப்பாக இருந்தது. வாட்சில் 3:40.

படியில் தடதடவென்று சத்தம். எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. அப்பா படியில் உட்கார்ந்திருந்தார். அட்டைப்பெட்டி கீழே கிடந்தது. மேலிருந்து எண்ணினேன். நாலாவது படி.

"யாரு பாப்பா அது? இப்ப என்னை இடிச்சுட்டு இறங்கினாரே?"

யாரும் இறங்கவில்லை. அந்த அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். அவரும் யாரையும் பார்க்கவில்லை. டிவி, பிளேயர் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, கேபிளை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

வீட்டுக்கு வருகிற வழியில் அப்பா வேனின் இடது பக்கக் கண்ணாடியைக் கேட்டில் இடித்து உடைத்தார். இருபது வருஷமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டினவர்.

நான்காம் நாள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பறவை சாய்க்கிற மாதிரி.

"ஓரத்துல இருட்டா இல்ல?" என்றார்.

"இல்லப்பா. படம் நல்லாத்தான் இருக்கு. டாக்டர்கிட்ட போலாம்ப்பா, வாங்க. நாளைக்கே போலாம்."

"கண்ணுக்கு என்ன கேடு? கேபிள் போயிருக்கு."

"கேபிள்ல படம் மங்காதுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க!"

"அது விக்கிறதுக்குச் சொல்றது" என்றார்.

விற்பதற்கு அவர் சொன்னது அதுவா? நேர் எதிரல்லவா? அவருக்கு எது பொய், எது நிஜம் என்பதே மாறிப்போயிருந்தது. அம்மா அழுதார், திட்டினார், கையைப் பிடித்து இழுத்தார். அப்பா அசையவில்லை. புதுக் கவரில் போட்டு வைத்திருந்த அந்த மூன்றாவது கேபிளைக் கிழித்து எடுத்து, எங்கள் வீட்டு டிவியில் மாட்டிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு வாடிக்கையாளருக்கு உண்மையைச் சொல்கிறேன். அவர் நம்பவில்லை.

இன்று சாயங்காலம் 6:15-க்கு அந்த அக்காவுக்குப் போன் பண்ணினேன். அந்த வீடியோ இன்னும் பிளேயரில் இருக்கிறதா என்று மட்டும் கேட்கத்தான்.

"அந்த டிஸ்க்கா? அதை மாமா சட்டைப் பையிலயே வெச்சு அனுப்பிட்டோமேம்மா. அவர் எரிஞ்சப்பவே அதுவும் போயிடுச்சு. ஏன்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே பேசினார்.

"உங்க அப்பா மேல மாமாவுக்கு எவ்வளவு நம்பிக்கை தெரியுமா? அவர் விழுந்த அன்னைக்கு மூணரைக்கு வர்றேன்னு உங்க அப்பா சொன்னாராம். டாக்டர் சொன்னதுக்கு அப்புறமும், 'கேபிள்காரர்கிட்ட ஒரு தடவை கேட்டுடறேன், அவர் பொய் சொல்ல மாட்டார், பொண்ணைக் கூட்டிட்டு வர்றவர்'னு சொல்லிட்டு உட்கார்ந்திருந்தார். எட்டு நிமிஷம் பார்த்தார். தெருவுல ஏதோ வேன் சத்தம் கேட்டுச்சு. உங்களுக்குக் கதவு திறக்கத்தான் இறங்கினார்."

மூன்றரை. எட்டு நிமிஷம்.

3:38.

இப்போது மணி 11:52. ஹாலில் டிவி ஓடுகிறது. சத்தம் குறைந்துவிட்டது. சோபாவின் மரக் கைப்பிடியில் எதுவோ தட்டுகிறது. அப்பா மோதிரம் போடுவதில்லை.

டக்... டக்... டக்.

கூப்பிடுகிறார். அப்பாவின் குரல்தான். ஆனால் அப்பா என்னைப் பிறந்ததிலிருந்து 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். வேறு எப்படியும் கூப்பிட்டதே இல்லை.

"கண்ணு... கொஞ்சம் வந்து உண்மையைச் சொல்லேன்... ஓரமெல்லாம் தெளிவா இருக்கா?"